கசிவுத் தண்ணீர்

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். வீட்டிலேயே வைத்துப் பேசலாமே என்று என் சம்சாரம் அம்சா சொன்னாள். நான்தான் உங்களை இந்த மோட்டார் கொட்டாய்ப் பக்கம் அழைத்து வந்தேன். இப்போதெல்லாம் கூரைக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே கால் குறுகுறுவென்று வந்துவிடுகிறது. எழுந்து நாலு வரப்பு நடந்துவிட்டு வந்தால்தான் மனசு ஒரு இடத்தில் நிற்கிறது. டாக்டர் சர்க்கரை என்கிறார். இருக்கலாம்.

எதிரே களை எடுக்கிற பெண்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்கள் பேச்சு அவர்களுக்கு. கடைசியில் தலையில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு குனிந்திருக்கிறாளே, அவள்தான் செங்கேணி. துரையின் அம்மா. ஆமாம், நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அதே துரை. மகன் சிறையில் இருக்கிறான், அம்மா என் வயலில் களை எடுக்கிறாள். ஏரிக்கரை ஓரமாக இருளர் குடிசைகள் பார்த்திருப்பீர்கள், அங்கேதான் வீடு. அவள் போட்ட மனுவால்தான் ராணுவத் தீர்ப்பாயம் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி, சட்டப் பிரிவு மேஜரான உங்களை உத்திரமேரூர் தாண்டி இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறது. அதற்காக நான் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை.

போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் விஷயத்தில் இந்த ஊரில் தாமோதரனைக் குறை சொல்ல ஒரு ஆள் கிடையாது. ஏரி நிரம்பாத வருஷத்தில் நாங்கள் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். மேல்மடைக்கு ஒரு நாள், நடுமடைக்கு ஒரு நாள், கடைமடைக்கு ஒரு நாள். எவனாவது திருட்டுத்தனமாக மடையைத் திறந்தால் அவனுடைய அடுத்த முறை போய்விடும், பக்கத்து வயல்காரனுக்குச் சேரும். அடிதடி கிடையாது, பஞ்சாயத்து கிடையாது. என் அப்பா பார்த்த பொறுப்பு, இப்போது நான் பார்க்கிறேன். என் சொந்தத் தம்பி சிவகுமார் ஒரு தடவை முறை மீறினான். அவன் நெல் பால் பிடிக்கிற நேரம் அது. நிறுத்தினேன். பயிர் கருகிப்போனது. அவன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, அது அவன் இஷ்டம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலைமேல் நடந்ததைத் துரையின் தீர்ப்பில் 'குரூரம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு சிப்பாய் வெறி பிடித்துப்போய் ஒரு போர்க்கைதியைத் தண்ணீர் இல்லாமல் சாகடித்தான் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெறியும் இல்லை, குரூரமும் இல்லை. ஒழுங்காக நடந்தது. அதைச் சொல்லத்தான் நீங்கள் வருவீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சண்டையில் நாங்கள் ஒரு மலைமுகட்டுக் காவல் முகாமை எதிரியிடமிருந்து திரும்பப் பிடித்தோம். மூன்று பேர் உயிரோடு கிடைத்தார்கள். எங்கள் அதிகாரி காயம்பட்டு அன்றைக்கே கீழே போய்விட்டார். போகும்போது, "கைதிங்க மேல எவனும் கை வெக்கக் கூடாது, தாமோதரா, உன் பொறுப்பு" என்றார். அப்போது நான் ஹவில்தார். அங்கே இருந்தவர்களில் நான்தான் மூத்தவன். அன்று மாலையே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மேலே ஹெலிகாப்டர் வர முடியாது, கீழே இறங்கவும் வழியில்லை.

வழியில்லை என்றால், நாங்கள் ஏறி வந்த பாறை பனியில் மூடிவிட்டது, மற்றப் பாதையில் கண்ணிவெடி. சிப்பாய் முத்துகிருஷ்ணன் இறங்கப் பார்த்து ஒரு காலை விட்டுவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு கீழே போக வேண்டும். எங்கெங்கே புதைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பக்கத்தில் அவன் முனகிக்கொண்டு கிடக்கும்போது அந்த மூன்று பேரையும் மடியில் வைத்துக் கொஞ்சவா முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

அடிக்கவில்லை. ஒரு அடிகூட அடிக்கவில்லை. பெயர், பதவி, எண், பிறந்த தேதி, இவ்வளவுதான் கைதி சொல்ல வேண்டியது, மீதிக்கு வற்புறுத்தக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். நானும் வற்புறுத்தவில்லை. அங்கே தண்ணீர் என்றால் பனியை உருக்கித்தான். உருக்குவதற்கு மண்ணெண்ணெய் வேண்டும், அது கொஞ்சம்தான் இருந்தது. ஒரு கேன் நிரப்பிப் பூட்டி வைத்து முறை போட்டேன். எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு, அந்த மூன்று பேருக்கு இவ்வளவு. மூன்று பேரில் பேசுகிறவனுக்கு அவன் முறை. பேசாதவன் முறை அடுத்தவனுக்கு. எங்கள் ஊர் மடைக்கு என்ன நியாயமோ அதே நியாயம். பேசாதவன் பங்கை நான் குடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சொட்டு தொடவில்லை. அது முத்துகிருஷ்ணனுக்குப் போனது. அவன் பிழைத்துக்கொண்டான், செயற்கைக் கால் வைத்துக்கொண்டு கடை நடத்துகிறான், பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான்.

மோர் வந்துவிட்டது. குடியுங்கள் மேடம். நான் போய் மோட்டார் சூடாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

மன்னிக்க வேண்டும். மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் எழுந்து எழுந்து போகிறேன். குடித்து முடித்துவிட்டீர்களா? டம்ளரை அப்படிக் கீழே வையுங்கள். எங்கே விட்டேன்?

முறை. ஆமாம். முதலாவது கைதி முதல் முறையிலேயே பேசிவிட்டான். பாதையில் எங்கெங்கே வெடி என்று தரையில் கோடு போட்டுக் காட்டினான். கெட்டிக்காரன். இரண்டாமவன் மறுநாள் காலையில் அதையே சொன்னான், ஒத்துப்போனது. மூன்றாமவன்தான் பேசவில்லை. தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டால், "நான் சமையல்காரன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று திருப்பித் திருப்பி அதையே சொன்னான். முதலாமவனும், அவன் சண்டைக்கு முந்தின நாள்தான் ரொட்டி சுட மேலே வந்தவன் என்றான். எனக்கும் அது பொய்யாகத் தெரியவில்லை. கை முழுக்க அடுப்புச் சூடு பட்ட தழும்பு.

பிறகு ஏன் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. மற்றவர்கள் பேசி முறை வாங்கியிருக்கிறார்கள். இவன் பேசாமலே வாங்கிக்கொண்டால் முறைக்கு என்ன மரியாதை? கடைமடைக்காரன் காய்ந்துகொண்டிருக்கும்போது பாவம் பார்த்து ஒருவனுக்குத் திறந்துவிட்டால் அப்புறம் ஏரியே மிஞ்சாது. ஆனாலும், உண்மையைச் சொல்வதென்றால், இரண்டாம் நாள் சாயந்திரம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். டம்ளரைக்கூடக் கையில் எடுத்தேன். அப்போதுதான் துரை அந்தக் காரியம் பண்ணினான்.

துரையை ராணுவத்துக்கு அனுப்பியதே நான்தான். நான் விடுமுறையில் வந்திருந்தபோது, இந்த ஏரிக்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, ஆள்சேர்ப்புக்கு என் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் குடிசைகளிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள். என் செக்ஷனிலேயே வந்து சேர்ந்தான். ஊரில் என்னை நைனா என்பான், அங்கே சார் என்பான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை.

பதுங்கு குழிக்கு வெளியே மலை முழுக்கப் பனிதானே. ஒரு கை பனியை அள்ளி உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொண்டு வந்து, மண்டி போட்டு அந்தச் சமையல்காரன் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கை கட்டியிருந்தது. துரையின் விரலைச் சப்பினான்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?" என்றேன்.

"பனி சார்."

"யாரு குடுக்கச் சொன்னது?"

"கேன் தண்ணி இல்ல சார். வெளிய சொம்மா கெடக்கற பனிதான். கசிவுத் தண்ணிக்கு ஏது சார் மொறை?"

உங்களுக்கு இது புரியாது. எங்கள் ஏரி மதகுக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் கசிந்து ஒரு குட்டை மாதிரி நிற்கும். நிலம் இருக்கிறவனுக்குத்தான் ஏரியில் முறை. நிலம் இல்லாத அந்தக் குடிசைக்காரர்கள் காலங்காலமாக அந்தக் கசிவில்தான் குடிப்பார்கள், துவைப்பார்கள், ஆட்டுக்குக் காட்டுவார்கள். அதை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. என் அப்பாகூட. என் ஊர் வழக்கத்தையே எடுத்து, என் சிப்பாய்கள் நடுவில், என்னிடமே சொல்கிறான். மூலையில் படுத்திருந்த முத்துகிருஷ்ணன் அந்த வலியிலும் சிரித்துவிட்டான். "சரியாத்தானே சொல்றான் அண்ணே" என்றான். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கேன் சாவியை துரையிடம் கொடுத்து, "இனிமே தண்ணி ட்யூட்டி உன்னுது" என்றேன். அவன் முகம் மலர்ந்துபோனது. நான் மனசு மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். பிறகு சொன்னேன், யாருக்கு ஊற்ற வேண்டும், யாரைத் தாண்டிப் போக வேண்டும் என்று. தினமும் மூன்று வேளையும் அவன் கையாலேயே மற்ற இரண்டு பேருக்கும் ஊற்றினான். அந்தச் சமையல்காரன் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

பனி வைக்கிற வேலை மறுபடி நடக்கக் கூடாது இல்லையா, அதனால் அவன் வாயில் ஒரு துணி கட்டச் சொன்னேன். இறுக்கமாக இல்லை. மூச்சு விடலாம். வாய் கட்டியிருந்தால் எப்படிப் பேசுவான், பேசாமல் எப்படி முறை வாங்குவான் என்று நீங்கள் கேட்பீர்கள். துரையும் கேட்டான். பேசுவதாக இருந்தால் தலையை ஆட்டட்டும், அவிழ்க்கிறேன் என்றேன். ஆட்டினான். கேனைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டினான். தண்ணீருக்காக எல்லாரும்தான் தலையை ஆட்டுவார்கள், அதையெல்லாம் பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

கொஞ்சம் இருங்கள். அந்தப் பக்கம் வாய்க்கால் உடைத்துக்கொண்டதோ என்று பார்க்க வேண்டும்.

ஒன்றுமில்லை. சரியாகத்தான் ஓடுகிறது.

துரை அழுதான். ஒரு சிப்பாய் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "சார், என்ன வேணா அடிச்சிக்க சார், அவனுக்கு ஒரு வாய் குடுத்துடு சார்" என்று காலைப் பிடித்தான். விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று ஆகியிருக்கும். அவனுக்கு நல்லது சொல்லிக்கொடுக்கத்தான் அத்தனையும். சமையல்காரன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை மேடம். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவன் யாரோ, நான் யாரோ.

புயல் நின்று ஹெலிகாப்டர் வந்த அன்று காலையில் துணியை நானே அவிழ்த்தேன். எல்லாரும் கீழே போகப் போகிறோம், இனி முறை எதற்கு என்று டம்ளரை வாயில் வைத்தேன். கடைவாய் வழியாக வழிந்து போனது. நாக்கு தடித்து வாயை அடைத்துக்கொண்டிருந்தது. முதலாமவன் சொன்ன பாதையில் முத்துகிருஷ்ணனைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டருக்கு இறங்கினோம், ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. சமையல்காரனைத் துணியில் சுற்றி ஏற்றினார்கள்.

உடலை அந்த நாட்டிடம் ஒப்படைத்தபோது, தண்ணீர் இல்லாமல்தான் செத்திருக்கிறான் என்று அவர்கள் டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். பெரிய விவகாரம் ஆகி, இங்கே விசாரணை வைத்தார்கள். என்னைக் கேட்டார்கள், "தண்ணீர் ட்யூட்டி யார் பார்த்தது?" துரை என்றேன். "கேன் சாவி யாரிடம் இருந்தது?" துரையிடம் என்றேன். "கால் போன முத்துகிருஷ்ணன் அவனுக்கு நெருங்கிய நண்பனா?" ஆமாம் என்றேன். ஒரு பொய் சொன்னேனா? அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். யார் உத்தரவு என்று அவர்கள் கேட்கவில்லை. சிப்பாய் மட்டத்தில் முடிந்தது எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. முத்துகிருஷ்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் கால் வெட்டுப்பட்டுக் கிடந்தான். அவனைக் கூப்பிடவே இல்லை, மற்றவர்களிடமும் என்னிடம் கேட்டதைத்தான் கேட்டார்கள்.

துரை ஏன் வாய் திறக்கவில்லை என்று அவனிடமே கேட்டிருப்பீர்கள். கோர்ட் மார்ஷல் தொடங்குவதற்கு முன்னால் அவனைப் போய்ப் பார்த்தேன். பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனேன். "உங்கம்மாவ நான் பாத்துக்கறேன்டா, என் நெலத்துலதானே கீறாங்க, நீ ஒன்னும் கவலப்படாத" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னது. அவன், "சரி நைனா" என்றான். சீருடையில் இருக்கும்போது என்னை அவன் நைனா என்றது அந்த ஒரு தடவைதான்.

சொன்னபடி பார்த்துக்கொண்டும் வருகிறேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மதகுக் கசிவை சிமெண்ட் வைத்து அடைத்தேன். வீணாகப் போய்க்கொண்டிருந்தது. குட்டை வற்றிவிட்டது. இப்போது அந்தக் குடிசைக்காரர்கள் குடிதண்ணீருக்கு என் மோட்டாருக்குத்தான் வருகிறார்கள். நான் இல்லையென்று சொல்வதே இல்லை. அவர்களுக்கும் முறை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவர்களுக்கு முறை என்று ஒன்று இருந்ததா?

செங்கேணியும் இங்கேதான் பிடிக்கிறாள். போன வாரம் பிடிக்க வந்தபோதுகூட, "நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா எம் புள்ளய வுட்ருவாங்களாமே நைனா, வக்கீலம்மா சொல்லுது" என்றாள். பார்க்கலாம் என்றேன். அன்றிலிருந்துதான் இந்தக் கால் குறுகுறுப்பு அதிகமாக இருக்கிறது.

இதெல்லாம் தீர்ப்பாயத்தில் வந்து சொல்வீர்களா என்கிறீர்களா? சொல்கிறேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். உத்தரவு என்னுடையது. துணி என்னுடையது. அந்தச் சமையல்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன், சாகும்வரை நிறுத்தினேன். இதில் துரைக்கு ஒரு பங்கும் கிடையாது, அந்த முறையை நிறுத்தி வைக்கிற திராணியெல்லாம் அவனுக்கு இல்லை. விடுதலை பண்ணிவிடுங்கள். ஆனால் மறுபடி வேலையில் சேர்க்காதீர்கள். உத்தரவுக்கு வியாக்கியானம் சொல்கிற பையன், பட்டாளத்துக்கு ஆகமாட்டான்.

என்ன பார்க்கிறீர்கள்? ஓ. எழுந்து நிற்கிறாளா. நாம் பேசினது காதில் விழுந்திருக்கும். விழட்டும், மகனுக்கு விடுதலை என்றால் சந்தோஷம்தானே. வரட்டும்.

"இன்னா செங்கேணி, வேலைய வுட்டுட்டு வந்துட்ட?"

"எம் புள்ள பனி குட்த்தானா அந்தாளுக்கு?"

"குடுத்தான்."

"குடிச்சானா?"

"ஒரு வாய் குடிச்சான்."

"அந்தாளுக்கு அம்மா கீதா?"

அது எனக்கு எப்படித் தெரியும்? போய் வேலையைப் பார், துரை வந்துவிடுவான், மேடம் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். கவனித்தீர்களா? நைனா என்றுகூடச் சொல்லவில்லை. வெயில் கொஞ்சம் அதிகம் இன்றைக்கு. வாய்க்காலில் கை கழுவப் போனவள் கழுவாமலே, சேறு ஒட்டின கையோடு நடந்து போகிறாள். மற்ற பெண்களும் பின்னாலேயே போகிறார்கள். பாதிக் களை அப்படியே நிற்கிறது.

கூப்பிட வேண்டாம் மேடம், உட்காருங்கள். அவளுக்கு என் மேல் வருத்தமெல்லாம் இருக்காது. குடத்தை மோட்டார் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், பாருங்கள், காலியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஒரு ஆள் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். வருவாள்.